பதினெட்டாவது சாமான்

விடுதியிலிருந்து வந்த பட்டியலில் பதினேழு சாமான்.
வாளி, மக், பூட்டு, அதற்கு இரண்டு சாவி,
ஆய்வகத்துக்கு வெள்ளைக் கோட்டு,
பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு.
அடியில்,
‘விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’
அம்மா அந்தக் கடைசி வரியை மட்டும்
இரண்டு தடவை வாசித்தாள்,
பிறகு என் காதைப் பார்த்தாள்.
கம்மலைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஆடி மாசம் பணகுடியில்
காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப முடியாது.
பட்டியல் எழும்பிக் கட்டிலுக்கடியில் போனது.
லிபின் ஊர்ந்துபோய் எடுத்துவந்தான்.
மேலே இஸ்திரிப்பெட்டியை வைத்தோம்.
ஒன்பதாவது என்னளா என்று அம்மா கேட்கும்போதெல்லாம்
இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பார்க்கவேண்டியிருந்தது.

இஸ்திரிப்பெட்டி வீட்டில் ஒன்றுதான்.
நகவெட்டியும் குடையும்கூட.
ஒன்றே ஒன்று இருப்பது எதுவும் என்னோடு வராது
என்று நானே சட்டம் போட்டிருந்தேன்.
‘அப்ப நான்?’ என்றான் லிபின்.
நீயும் ஒண்ணுதாம்ல. சவம், கெட.

அப்பா காத்தாடிக் கம்பெனியில் ராக்காவல்.
விடியக்காலம் வந்து சைக்கிளைச் சாத்தும்போது
ஒரு நம்பர் சொல்வார்.
‘பதினாலு.’ ‘பதினாறரை.’
காற்றின் வேகம். எங்களுக்கு அதுதான் குட்மார்னிங்.
அன்றைக்கு நம்பரோடு
ஒரு நைலான் கயிறும் கொண்டுவந்தார்.
‘பெட்டி பழசு. ஒரு சுத்து சுத்திக்கோ.’
கயிறு கட்டிய பெட்டியோடு
சென்னையில் இறங்குகிற என்னை
ஒருதரம் நினைத்துப் பார்த்தேன்.
கயிறு கட்டிலுக்கடியில் போனது.
அதைக் காற்று தள்ளவில்லை.

பட்டியலில் இல்லாததை அம்மா வைத்தாள்.
துணிக் கிளிப்.
கிளிப் போடாத துணி எங்கள் ஊரில் எங்கள் துணி இல்லை.
போன ஆடியில் என் யூனிபார்ம் பாவாடை
மூன்று தெரு தாண்டி
ஸ்டெல்லா டீச்சர் வீட்டு முருங்கையில் ஏறியது.
டீச்சர் அதை மடித்து வகுப்புக்கே கொண்டுவந்தார்.
‘யாருது?’ என்று தூக்கிக் காட்டினார்.
எம்மா, மெட்ராசுல அப்பிடிக் காத்து கெடையாது.
‘காத்தில்லாத ஊரு உண்டாளா?’

வள்ளியூரில் ரயில் நிற்பது இரண்டு நிமிடம்.
அது வருவதற்கு நாலு நிமிடம் இருக்கையில்
பெட்டியின் ஜிப் வாயைப் பிளந்தது.
வெள்ளைக் கோட்டு முதலில் வெளியே வந்தது,
ஒரு கை மட்டும்.
கயிறு எங்கே என்று அப்பா கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
வழியனுப்ப வந்த லிபின்தான்
பக்கப் பையில் கைவிட்டுக் கிளிப்புகளை அள்ளினான்.
சிவப்பு, பச்சை, நீலம், மறுபடி சிவப்பு.
மூன்று பேரும் குனிந்து
ஒரு பெட்டிக்குப் பல் கட்டினோம்.
போர்ட்டர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கோவில்பட்டி தாண்டி அம்மாவின் போன்.
‘வீட்டுல இருந்த கிளிப் பூராத்தையுமா கொண்டு போன?’
நீதான வச்ச?
‘நான் பத்துதாம்ளா வச்சேன்!
எம் பச்சச் சேலையக் காணும்.
இந்நேரம் வடக்கன்குளம் தாண்டியிருக்கும்.’
பின்னால் லிபினின் சத்தமே இல்லை.
சோற்றுத் தட்டு உருளும் சத்தம் மட்டும்.
பெட்டியை எண்ணினேன்.
இருபத்து நாலு.

ராத்திரியில் தூங்கிப் பழக்கமில்லாதவர் அப்பா.
நடு பெர்த்தைப் போடவே விடவில்லை.
எதிரே உட்கார்ந்து
பெட்டிக்குக் காவல் இருந்தார்.
விழித்தபோதெல்லாம் அவர் முழங்கால் தெரிந்தது,
பக்கத்தில் மஞ்சள் வாளி.

செங்கல்பட்டு தாண்டி வெளுத்தது.
தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே குடியிருப்பு,
மாடியெல்லாம் கொடி,
கொடியெல்லாம் துணி.
ஒன்றிலும் கிளிப் இல்லை.
ஒரு வேட்டி, போட்டபடியே, நேராக.
அப்பா சன்னல் கம்பியில் நெற்றியை வைத்து
வெகுநேரம் அதைப் பார்த்தார்.
சைக்கிளைச் சாத்துகிற அதே குரலில்
‘சைபர்’ என்றார்.

பிறகு தாம்பரத்தில் இறங்கப்
பெட்டியைத் தூக்கினார்.
நீலம் ஒன்று தெறித்து
சீட்டுக்கடியில் போனது.